மட்டிக்குத் தெரியாமல்

மார்ச் 3, செவ்வாய்

இந்த வீட்டின் வரலாற்றில் இன்றைய நாள் குறித்துவைக்கப்பட வேண்டியது. காலை 10.40 மணிக்கு, நீண்ட ஆலோசனைக்குப் பின், வரவேற்பறைக் கடல்நீர்த் தொட்டியில் வாழும் சிப்பி வகை உயிரினத்தை இனி 'கிளாம்' என்று அழைப்பதில்லை, 'மட்டி' என்றே அழைப்பது என முடிவு செய்யப்பட்டது. ஆலோசனையில் பங்கேற்றவர் நான். ஆதரவாக ஒரு வாக்கு. எதிர்ப்பு இல்லை. என் மனைவி புனிதவதி அப்போது சமையலறையில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

முடிவை அவளிடம் முறைப்படி தெரிவித்தேன்.

"மட்டியா?"

"நல்ல தமிழ்ச் சொல்லு. அகராதியில இருக்கு."

"அகராதி எதுக்குங்க? நம்ம வீட்லயே ரொம்ப வருஷமா புழக்கத்துல இருக்கே" என்றாள். பிறகு கையிலிருந்த மீனைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். மீனைக் கீழே வைக்குமளவு சிரிக்க இதில் எதுவும் இல்லை.

எனக்குத் தெரிந்து இந்த வீட்டில் இதற்குமுன் மட்டி இருந்ததில்லை. சரிபார்க்க வேண்டும்.

மார்ச் 4, புதன்

சரிபார்த்தேன். இருந்ததில்லை.

மார்ச் 8, ஞாயிறு

நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் தேர்வுக்கூட மேற்பார்வையாளராக இருந்தவன். சட்டைக் கைமடிப்பில் இருக்கும் துண்டுத்தாளை இருபது மீட்டர் தூரத்திலிருந்து கண்டுபிடித்திருக்கிறேன். மட்டி விஷயத்திலும் என்னை யாரும் எளிதில் ஏமாற்றிவிட முடியாது என்பதைப் பதிவு செய்கிறேன்.

இது பண்ணையில் வளர்க்கப்பட்ட ராட்சத மட்டி. முறையான அனுமதித் தாள்களுடன் பாசிர் ரிஸ் பக்கம் கடை வைத்திருக்கும் சேவுகனிடம் வாங்கியது. நீளம் பதினொரு சென்டிமீட்டர். 'ராட்சத' என்பது குலப்பெயர், அளவைப் பற்றியதல்ல. ஓடுகளுக்கு வெளியே பிதுங்கி நிற்கும் சதை கருநீலம், ஓரத்தில் பொன்னிறப் புள்ளிகள். இனம் மேக்சிமா, வயது மூன்று என்கிறான் சேவுகன். அவன் சொல்கிறான் என்பதைத் தவிர இதற்கு வேறு ஆதாரம் இல்லை. மேக்சிமா என்றால் ஓட்டின் மேல்விளிம்பில் செதில்கள் நெருக்கமாக இருக்க வேண்டும். குரோசியா என்றால் செதில்கள் தேய்ந்திருக்கும், அடியில் பெரிய துவாரம் இருக்கும். ஸ்குவாமோசா என்றால் செதில்கள் தட்டுத்தட்டாக நீட்டிக்கொண்டிருக்கும். பூதக்கண்ணாடியுடன் கிட்டப் போனேன். உடனே மூடிக்கொண்டது.

தேர்வுக்கூடத்தில் நான் கிட்டப் போனதும் தாளை மூடியவர்கள் யாரும் நிரபராதிகளாக இருந்ததில்லை.

சேவுகனைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"அங்கிள், அதுக்கு ஓரத்துல கண்ணு இருக்கு. நூத்துக்கணக்குல. நிழல் விழுந்தா மூடிக்கும். நல்லதுதான் லா. மூடாத அன்னைக்குத்தான் நீங்க பயப்படணும்."

"என் மனைவி போனா மூட மாட்டேங்குதே?"

"ஆன்ட்டி மெதுவா வருவாங்க போல."

நானும் மெதுவாகத்தான் போகிறேன். சத்தம் வராமல் நடப்பது என் தொழில்.

மார்ச் 11, புதன்

காலை ஏழு மணிக்குத் தொட்டிக்கு முன்னால் தரையில் நீர்த்துளிகள். ஒன்பது. சமையலறையில் இருக்க வேண்டிய பிளாஸ்டிக் முக்காலி தொட்டியிலிருந்து இரண்டடி தள்ளிக் கிடக்கிறது. நேற்றும் இப்படித்தான். வடிகட்டிய நன்னீர் வைக்கும் கேனிலும் அளவு குறைந்திருக்கிறது. யாரோ தொட்டியில் கை வைக்கிறார்கள். இந்த வீட்டில் இருப்பவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவர் நான்.

தொட்டி நீரைச் சோதித்தேன். உப்பு 35. நீர்மட்டம் கோட்டிலேயே நிற்கிறது. இரண்டு வருடங்களாக இந்த எண் மாறியதில்லை. நீர் ஆவியாகிறது, உப்பு ஏறுகிறது என்று மீன் வளர்ப்புக் குழுவில் மற்றவர்கள் புலம்புவதைப் படிக்கும்போது, மூடியைச் சரியாகப் பொருத்தத் தெரியாதவர்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

"உங்க தொட்டியில தண்ணி குறையறதே இல்லையாங்க?" என்று புனிதா கேட்டாள்.

"இல்ல."

"எப்படி?"

"பராமரிப்பு."

"அதிசயத் தொட்டிதான்" என்று சொல்லி முக்காலியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். தடயம் அகற்றப்பட்ட நேரம் 7.12.

மார்ச் 15, ஞாயிறு

மதியம் பால் பாயசம். காரணம் தெரிவிக்கப்படவில்லை. புனிதா பச்சைப் பட்டுச் சேலை கட்டியிருந்தாள். விருந்தினர் வருகிறார்களா என்று விசாரித்தேன்.

"யாரும் வரல. முப்பத்தொண்ணு" என்றாள்.

"என்ன முப்பத்தொண்ணு?"

கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினாள். "ஒண்ணுமில்ல. பாயசம் ஆறிடும், குடிங்க."

இன்று தேதி பதினைந்து. நாட்காட்டியில் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

மட்டி மூன்று முறை மூடியது. மூன்று முறையும் நான்தான்.

மார்ச் 19, வியாழன்

முக்கியமான திருப்பம்.

புனிதா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய கைப்பேசி சாப்பாட்டு மேசையில் திரை அணையாமல், முகம் மேலே தெரியக் கிடந்தது. அந்த வழியாக நடந்தேன். இது உளவு அல்ல, ரோந்து. செய்தி அனுப்பியிருந்தவள் அவள் தங்கை மலர்விழி. ஈப்போவில் பாலர் பள்ளி நடத்துகிறாள்.

மலர்: "மட்டி என்னக்கா பண்ணுது?"

புனிதா: "வாய மூடிக்கிட்டு உக்காந்திருக்கு. அதிசயம்."

செய்தி சென்ற நேரம் மாலை 4.10. அந்த நேரத்தில் மட்டி உண்மையாகவே மூடித்தான் இருந்தது. நான் எதிரே நாற்காலியில் பேசாமல் உட்கார்ந்து அதைக் கவனித்துக்கொண்டிருந்தேன். ஆக, மட்டியின் நடமாட்டம் நாடு கடந்து தெரிவிக்கப்படுகிறது. ஈப்போவில் பாலர் பள்ளி நடத்துபவளுக்கு என் மட்டி எதற்கு?

மார்ச் 23, திங்கள்

வீட்டில் சில மாற்றங்கள். படுக்கையறை அலமாரியின் கீழ்த்தட்டு காலி. புனிதாவின் தையல் இயந்திரம் அதன் இடத்தில் இல்லை. "மலர் கேட்டா, குடுத்து விட்டுட்டேன்" என்றாள். சாமி மாடத்தில் முருகன் இருக்கிறார், அவளுடைய அம்மாவின் படம் இல்லை.

காலித் தட்டை அளந்தேன். தொண்ணூறுக்கு நாற்பத்தைந்து சென்டிமீட்டர். காற்றுக்குழாயுடன் ஒரு சிறிய தொட்டியை மறைத்துவைக்கத் தாராளமாக இடம் இருக்கிறது. இடம் தயாராகிவிட்டது என்றே கொள்ள வேண்டும்.

மார்ச் 26, வியாழன்

ரோந்து. இரண்டாவது ஆவணம்.

மலர்: "மட்டிக்குத் தெரியாம கொஞ்சம் கொஞ்சமா எடுத்துட்டு வந்துடுக்கா. புது வருஷத்துக்கு முன்னாடி வந்து சேந்துடு. ரூம் ரெடி."

இனி ஐயம் இல்லை. 'மட்டிக்குத் தெரியாம' என்ற சொற்றொடரைக் கவனிக்க வேண்டும். சாதாரணமானவர் 'வீட்டுக்காரருக்குத் தெரியாமல்' என்று எழுதியிருப்பார். மட்டிக்கு நூற்றுக்கணக்கில் கண்கள் உண்டு, நிழல் விழுந்தால் மூடும், ஆகவே அதற்குத் தெரியாமல்தான் தூக்க வேண்டும் என்ற நுட்பம் தெரிந்த ஒருவர் பின்னால் இருக்கிறார். இந்த வட்டாரத்தில் அது தெரிந்தவர்கள் இருவர். ஒருவர் நான். மற்றவன் சேவுகன்.

மார்ச் 28, சனி

பேருந்து பிடித்து சேவுகன் கடைக்குப் போனேன். ஒரு தொட்டியின் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டிருந்தான். முன்னறிவிப்பின்றிக் கேட்டேன்.

"என் மனைவியைத் தெரியுமா உனக்கு?"

"ஆன்ட்டியா? தெரியுமே. நாலஞ்சு தடவை வந்திருக்காங்க."

இவ்வளவு எளிதாக ஒப்புக்கொள்வான் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"எதுக்கு வந்தா?"

"தினம் எத்தனை லிட்டர் ஊத்தணும், எவ்வளவு மெதுவா ஊத்தணும்னு கேட்டாங்க. உப்புத் தண்ணியா நல்ல தண்ணியான்னு கேட்டாங்க. ரொம்ப அக்கறை அங்கிள் அவங்களுக்கு. உங்ககிட்ட சொல்லலியா?"

"எத்தனை லிட்டர்னு சொன்ன?"

"உங்க தொட்டிக்கு மூணு, மூணரை. அங்கிள், ஏன் எழுதிக்கிறீங்க?"

மூன்றரை லிட்டர். பதினொரு சென்டிமீட்டர் மட்டியைத் தண்ணீருடன் கொண்டுசெல்ல ஏற்ற பையின் அளவு.

புறப்படும்போது, ஓட்டின் அடிப்பகுதியைப் பார்க்க மட்டியைத் தூக்கலாமா என்று பொதுவாகக் கேட்டேன். அவன் முகம் மாறியது.

"ஐயோ, தூக்காதீங்க லா! அது பாறையில நூல் விட்டுப் புடிச்சிருக்கும். இழுத்தா காலோட பிஞ்சிடும். உள்ள கிழிஞ்சா வெளிய தெரியாது, பத்து நாள் கழிச்சுதான் தெரியும். வாங்கி வெச்சா அப்படியே விட்டுடணும் அங்கிள். அதை நம்பணும்."

அடிப்பகுதியைப் பார்க்க வேண்டாம் என்று விற்றவனே வற்புறுத்துகிறான். குறித்துக்கொண்டேன்.

ஏப்ரல் 1, புதன்

மூன்றாவது ஆவணம். இதை முழுமையாகப் பிரதி எடுக்கிறேன்.

மலர்: "மட்டிய விட்டுட்டு வர மனசு வருதாக்கா?"

புனிதா: "முப்பத்தொரு வருஷம் மலரு. பழகிப்போச்சு. தனியா விட்டா என்ன பண்ணுமோன்னு பாவமாத்தான் இருக்கு. சோறு கூடப் போட்டுச் சாப்பிடத் தெரியாது."

கடைசி வரியிலிருந்து, இந்தக் கூட்டத்துக்கு மட்டி வளர்ப்பின் அரிச்சுவடி தெரியாது என்பது வெளிப்படுகிறது. மட்டிக்குச் சோறு தேவையில்லை. அதன் சதைக்குள் இருக்கும் பாசி வெளிச்சத்தில் உணவு தயாரித்துக் கொடுத்துவிடும். யாராவது தயாரித்துக் கொடுப்பதை அது வெறுமனே உண்கிறது.

ஆனால் முதல் வரி என்னை உலுக்கிவிட்டது. முப்பத்தொரு வருடம்! மார்ச் 15 அன்று அவள் வாய்தவறிச் சொன்ன எண் இதுதான். மட்டியின் உண்மையான வயது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. சேவுகன் சொன்ன மூன்று வயது பொய். முப்பத்தொரு வருடத்தில் பதினொரு சென்டிமீட்டரே வளர்ந்த மட்டி மேக்சிமாவாக இருக்க முடியாது. இருப்பதிலேயே சிறிய இனமான குரோசியாவாகத்தான் இருக்க வேண்டும். அதை உறுதி செய்ய ஒரே வழி அடித்துவாரத்தைப் பார்ப்பது.

பிற்பகல் மூன்று மணிக்குப் பார்த்தேன். பாறையை இறுகப் பிடித்திருந்தது. சற்று அழுத்தி இழுக்க வேண்டியிருந்தது. துவாரம் பெரிதா சிறிதா என்று தீர்மானிப்பதற்குள் மூடிக்கொண்டது.

ஏப்ரல் 2, வியாழன்

மட்டி நாள் முழுவதும் பாதிதான் திறந்தது. எதையோ மறைக்கிறது.

ஏப்ரல் 5, ஞாயிறு

ஆள்மாறாட்டத்தைத் தடுக்க ஏற்பாடு. இரண்டு மட்டிகளின் சதைக்கோலம் ஒன்றுபோல் இருக்காது என்கிறார்கள். எனவே பதினாறு கோணங்களில் படம் எடுத்துத் தேதியிட்டுக் கோப்பில் வைத்திருக்கிறேன். இதற்காக மட்டியை மேலும் மூன்று முறை தூக்க வேண்டியிருந்தது. இப்போது பாறையைப் பிடிப்பதில்லை, ஆதலால் வேலை சுலபம்.

புனிதா சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க அதைப் போட்டு இப்படிப் பண்றீங்க?"

"இது எதுன்னு தெரிஞ்சாகணும்."

"அது எதுவா இருந்தா என்ன? உங்க வீட்ல இருக்கு, உங்களைப் பாத்துக்கிட்டு இருக்கு. அது போதாதா?"

"போதாது."

"தெரியும்" என்றாள். என்ன தெரியும் என்று கேட்டேன். கோப்பிக்குத் தண்ணீர் வைத்திருப்பதாகச் சொல்லி உள்ளே போய்விட்டாள்.

ஏப்ரல் 9, வியாழன்

விசாரணை நடைபெற்றது. இடம்: வரவேற்பறை. ஆரம்பித்தது நான் அல்ல. அவளாகவே வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். சனிக்கிழமை நான் ஈப்போ போறேன்."

"எத்தனை நாள்?"

"நாள் கணக்கு வெச்சுக்கல."

ஈப்போ பயணம் என்பது அவள் ஆண்டுக்கு ஒருமுறை செய்வதுதான். ஆனால் இம்முறை உள்நோக்கம் எனக்குத் தெரியும் என்பதால் நேரடியாகக் கேட்டேன்.

"மட்டியையும் கொண்டு போறியா?"

அவள் என்னைப் பார்த்தாள். முதலில் தோள் குலுங்கியது. பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். தலைப்பை எடுத்தபோது கண் நனைந்திருந்தது. அதிகமாகச் சிரித்தால் அப்படி ஆகும்.

"போன் மெசேஜைப் படிச்சீங்களா?"

"ரோந்துல கண்ணுல பட்டுச்சு."

"எல்லாத்தையுமா?"

"மூணு ஆவணம்."

"படிச்சுமா உங்களுக்குப் புரியல?"

"புரிஞ்சதாலதான் கேக்குறேன்."

சேலைத் தலைப்பை மடியில் வைத்து நீவிக்கொண்டாள்.

"முப்பத்தொரு வருஷமா இந்த வீட்ல பரீட்சை எழுதிக்கிட்டு இருக்கேங்க" என்றாள். "சந்தைக்குப் போனா ஏன் இருபது நிமிஷம் லேட்டு. போன்ல சிரிச்சா யாரு. மின்தூக்கியில பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட என்ன பேசின. எழுதி எழுதிக் கை வலிக்குது. மணி அடிச்சாச்சு. பேப்பரக் கட்டிக் குடுத்துடறேன். மார்க் நீங்களே போட்டுக்குங்க."

உணர்ச்சிவசப்பட்ட சாட்சிகள் கேள்விக்குச் சம்பந்தமில்லாதவற்றைப் பேசுவது வழக்கம். நான் மீண்டும் பொருளுக்குத் திருப்பினேன்.

"மட்டி?"

"மட்டியை நான் கொண்டு போகல. இங்கயேதான் விட்டுட்டுப் போறேன்."

"எழுதித் தருவியா?"

"தர்றேன்."

எழுதித் தந்தாள். 'மட்டியை இங்கேயே விட்டுவிட்டுச் செல்கிறேன். திரும்ப வந்து கேட்க மாட்டேன். இதில் எந்த வற்புறுத்தலும் இல்லை. இப்படிக்கு, புனிதவதி.' கையெழுத்துக்குக் கீழே தேதி. ஏமாற்ற முடியாது என்று உணர்ந்ததும் திட்டத்தைக் கைவிட்டுவிட்டார்கள்.

மூன்று வாரங்களுக்குப் பிறகு நிம்மதியான நாள்.

ஏப்ரல் 11, சனி

காலை எட்டு மணிக்கு வாடகைக் கார் வந்தது. மூன்று பெட்டிகள். எழுத்துபூர்வமான உறுதி இருந்தபோதும், நடைமுறை என்று ஒன்று உண்டு. பெட்டிகளைத் திறக்கச் சொன்னேன். மறுபேச்சின்றித் திறந்தாள். சேலைகள், மருந்துகள், அவளுடைய அம்மாவின் படம், பாலர் பள்ளிப் பாட்டுப் புத்தகங்கள் இருபது. எல்லாம் உலர்ந்திருந்தன.

"பாத்தாச்சா?"

"பாத்தாச்சு."

"திருப்தியா?"

"ஆட்சேபம் எதுவும் இல்லை."

கிளம்பும்முன் தொட்டிக்கு முன்னால் போய் நின்றாள். கையைக் கண்ணாடியில் வைத்தாள். மட்டி மூடவில்லை. "உன்னை நெனைச்சாத்தான் பாவமா இருக்கு" என்று அதனிடம் சொன்னாள். என்னிடம், "உடம்பைப் பாத்துக்குங்க. மாத்திரை டப்பா மேல் அலமாரியில" என்றாள். மின்தூக்கி வரை போய்ப் பெட்டிகளை எண்ணி ஏற்றினேன். மூன்று.

ஏப்ரல் 12, ஞாயிறு

மட்டி இருக்கிறது. கோப்பிலுள்ள படங்களுடன் ஒப்பிட்டேன். அதே மட்டிதான். காலையில் தரையில் நீர்த்துளிகள் இல்லை. முக்காலி சமையலறையிலேயே இருக்கிறது. தலையீடு முற்றிலும் நின்றுவிட்டது.

ஏப்ரல் 13, திங்கள்

நன்னீர்க் கேனின் பின்பக்கத்தில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கக் கண்டேன். 'தினம் காலையில மூணு லிட்டர். மெதுவா.' எழுத்தை ஒன்பதாம் தேதி உறுதிமொழியுடன் ஒப்பிட்டேன். புனிதாவின் கையெழுத்தே. யாருக்கு, எதைக் குறித்து என்று தாளில் இல்லை. ஆவணம் எண் 5 எனக் கோப்பில் சேர்க்கப்பட்டது.

ஏப்ரல் 14, செவ்வாய்

சித்திரை முதல் நாள். மலர்விழி எனக்கே ஒரு செய்தி அனுப்பியிருந்தாள்: 'புத்தாண்டு வாழ்த்து அத்தான். அக்கா நல்லா இருக்கு. ஸ்கூல்ல பிள்ளைங்களோட பாடிக்கிட்டு இருக்கு.' மட்டியைப் பற்றி ஒரு சொல் இல்லை. புனிதாவின் கைப்பேசிக்கு இரண்டு முறை அழைத்தேன். எடுக்கவில்லை. மதியம் ரொட்டி.

ஏப்ரல் 16, வியாழன்

காலை 7.00. உப்பு 38. நீர்மட்டம் கோட்டிலிருந்து இரண்டு விரற்கடை கீழே. மூடியைச் சோதித்தேன், சரியாகப் பொருந்தியிருக்கிறது.

7.15. பூதக்கண்ணாடியுடன் மட்டியின் கிட்டப் போனேன். நிழல் அதன்மேல் முழுவதுமாக விழுந்தது. மூடவில்லை.